சக்கரம் கட்டிப் பழகும் பிள்ளைகளுக்கு

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கபடி, கோ-கோ, தடகளம் என்று மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பழகியவள். இப்போது சாயங்காலமானால் தெருவில் சக்கரச் சத்தம் கேட்கிறது. போனில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்துவிட்டு, "டீச்சர், நானும் இதுல பெரிய ஆளா வரணும்" என்று பிள்ளைகள் வருகிறார்கள். பின்னாலேயே அம்மாவோ அப்பாவோ வந்து, "இதுக்கெல்லாம் எதிர்காலம் இருக்கா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சிலது பிள்ளைகளுக்கு, சிலது பெற்றவர்களுக்கு. கலந்துதான் இருக்கும்.

1. ஐஸ் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள், தாயி. நீ போனில் பார்ப்பது பனித்தரையில் ஆடுவது. ஒலிம்பிக்கில் 1908 லண்டனிலேயே அது இடம்பெற்றுவிட்டது. குளிர்கால ஒலிம்பிக் என்ற ஒன்று தொடங்குவதற்கும் முன்னால். நம் நாட்டில் அதைப் பழக இடம் குறைவு. சிம்லாவில் 1920 முதல் ஒரு திறந்தவெளித் தளம் இருக்கிறது. இயற்கைக் குளிரில் உறையும் தண்ணீர், அதனால் வருஷத்தில் சில மாதங்கள்தான். டேராடூனில் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக 2011-இல் ஹிமாத்ரி என்ற உள்ளரங்கைக் கட்டினார்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2025-இல் மறுபடி திறந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஐஸ் வேகப் போட்டி அங்கே நடந்தது. இந்தியாவுக்காக இன்று பனியில் ஆடும் தாரா பிரசாத் அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே பழகி, இந்தியக் குடியுரிமை பெற்றவர். 2025 பிப்ரவரியில் ஹார்பின் ஆசிய குளிர்கால விளையாட்டில் 8-ஆம் இடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25 ஆகப் போகிறது. அந்த வயதைக் குறித்து வைத்துக்கொள். பின்னால் அதைப் பற்றிப் பேசுவேன். இந்தியாவிலிருந்து இதுவரை ஒரு ஃபிகர் ஸ்கேட்டர்கூட ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதில்லை. இதை உன்னைச் சோர வைக்கச் சொல்லவில்லை. பாதை எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால்தான் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதும் தெரியும்.

2. காரியாபட்டியில் நமக்குக் கிடைத்தது சக்கரம். அதைக் குறைவாக நினைக்காதே. ஐஸில் செய்கிற தாவல், சுழற்சி, அடிவைப்பு எல்லாவற்றுக்கும் சக்கரத்திலும் இடம் உண்டு. ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்பார்கள். சக்கர விளையாட்டுகள் ஆசிய விளையாட்டுக்குள் முதன்முதலாக வந்தது 2010-இல், சீனாவின் குவாங்சோவில். அந்த முதல் தடவையே ஹைதராபாத்காரர் அனூப் குமார் யாமா தனிநபர் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அவனி பஞ்சாலோடு சேர்ந்து ஜோடிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார். 2015-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பனியே பார்க்காத ஊரில் பழகிய காலால் வந்த பெருமை அது. சக்கர ஆர்ட்டிஸ்டிக் ஒலிம்பிக்கில் கிடையாது, இதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆசியப் போட்டி, உலகப் போட்டி வரைக்கும் வழி திறந்திருக்கிறது.

3. ஷூ அளவு. இதில் அம்மாமார்களோடு நான் சண்டையே போடுவேன். யூனிஃபார்ம் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் "அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும்" என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது நம் வழக்கம். கஷ்டப்பட்ட குடும்பங்களின் நியாயமான வழக்கம்தான். ஸ்கேட்டிங் ஷூவில் மட்டும் அது வேண்டாம். உள்ளே கால் ஆடினால் கணுக்கால் ஒரு பக்கம் சாயும்; சாய்ந்த கால் பிசகும்; பிசகு ஒரு தடவை வந்தால் அதே இடத்தில் மறுபடி வரும். குதிகால் உள்ளே அசையக்கூடாது, விரல்களை அசைக்க இடம் வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

வளர்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் புதுசு வாங்க முடியாது என்றால், மதுரையிலோ சென்னையிலோ பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பழைய ஷூவைத் தேடுங்கள். தோல் தளர்ந்து கணுக்கால் பக்கம் மடியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இத்தாலிக்காரர்களின் எடியா பூட்ஸ், ரோல்-லைன் பிளேட் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உலகப் போட்டிக்காரர்கள் கட்டுகிற சாமான் அது. ஒற்றைச் சுற்றுத் தாவல் சுத்தமாக வருகிறவரை அதற்குத் தேவையே இல்லை. இதற்காக யாரும் நகையை அடகு வைக்கக்கூடாது.

4. தரை. நான்குவழிச் சாலை வழவழவென்று இருக்கிறதென்று அங்கே போகாதே, ஐயா. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிக்கு உன் உயரம் கண்ணில் படாது. சர்வீஸ் ரோடும் வேண்டாம். கிராமத்து உலர்களம், பள்ளிக்கூடத்து சிமென்ட் முற்றம், சமுதாயக்கூடம் என்று தேடு. உலர்களத்தில் கதிரோ மிளகாயோ காயாத நாளில், தலைவரிடம் கேட்டுவிட்டு, நீயே பெருக்கிவிட்டு ஆடு. ஒரு சின்னக் கல் சக்கரத்துக்கடியில் போனால் போதும், ஆள் முகம் குப்புற விழும். கல்யாண மண்டபத்து டைல்ஸ் வழுக்கும். ஈரமாக இருந்தால் அங்கே கால் வைக்கவே கூடாது.

சொரசொர சிமென்டுக்கு மென்மையான சக்கரம் வேண்டும், 78ஏ-யிலிருந்து 85ஏ வரை. வழவழப்பான உள்ளரங்கத்துக்குக் கடினமான சக்கரம், 90-க்கு மேல். இந்தக் கடினத்தன்மை எண் சக்கரத்தின் மேலேயே அச்சாகி இருக்கும். கடினச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு களத்தில் ஆடிவிட்டு முட்டி நடுங்குகிறது என்று வருகிற பிள்ளைகள் நிறைய. சக்கரத்துக்கு இரண்டு பேரிங், இரண்டு காலுக்கும் சேர்த்துப் பதினாறு. நம் செம்மண் புழுதி அதற்குள் புகுந்துவிடும். வாரம் ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வைத்துக் கழுவுவதாக இருந்தால் அது பெரியவர்கள் வேலை, வீட்டுக்கு வெளியே, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற இந்த மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

5. விழக் கற்றுக்கொள், பிறகு ஓடக் கற்றுக்கொள். முட்டியை மடக்கி, உட்கார்வதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் முறிகிற இடம் அதுதான். விழுந்தவுடனே விரல்களை மடக்கி வைத்துக்கொள், பின்னால் வருகிறவன் சக்கரம் ஏறிவிடும். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முட்டிக் காப்பு இல்லாமல் களத்துக்கு வந்த பிள்ளையை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அழுதாலும் சரி.

6. வட்டம் போடு. இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஃபிகர் என்றால் உருவம். தரையில் வரைந்த வட்டத்தின் மேல் ஒற்றைக் காலில், கோடு பிசகாமல் சுற்றி வருவது. அரை வட்டம், முழு வட்டம், எட்டு வடிவம். உள் விளிம்பில் ஒரு தடவை, வெளி விளிம்பில் ஒரு தடவை, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து. பனியில் 1990-வரை போட்டியிலேயே இதைச் செய்ய வேண்டியிருந்தது. பிறகு, பார்ப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கிறதென்று எடுத்துவிட்டார்கள். நம் நாட்டுச் சக்கரப் போட்டிகளில் ஃபிகர் இன்னும் ஒரு தனிப் பிரிவு. பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. தாவ வேண்டும், சுற்ற வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். வட்டத்தை வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஆனால் தாவி இறங்குகிற பிள்ளை எதன்மேல் இறங்குகிறாள்? பின்னோக்கிப் போகிற வெளி விளிம்பின்மேல். அந்த விளிம்பில் நிற்கத் தெரியாத பிள்ளை எத்தனை சுற்று சுற்றினாலும் இறங்க இடம் கிடையாது.

உடம்பை எப்படி வைப்பது என்று கேட்டால் கரகாட்டக்காரரைப் பார்க்கச் சொல்வேன். கீழே கால் என்ன வேகத்தில் ஆடினாலும் தலைக்குமேல் இருக்கிற செம்பு அசையாது. இடுப்புக்குக் கீழே வேலை, இடுப்புக்கு மேலே அமைதி. நம் பங்குனித் திருவிழாக்களில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை வெளிநாட்டுக் கோச் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தோள் திரும்பும்போது இடுப்பு எங்கே இருக்கிறது, இடுப்பு திரும்பும்போது தலை எங்கே இருக்கிறது என்று வட்டத்தின் மேல் மெதுவாகக் கவனி. சாக்பீஸும் ஒரு கயிறும் இருந்தால் வட்டம் போட்டுவிடலாம். ரிங்க் இல்லையே என்று காத்திருக்காதே.

இரண்டு காலுக்கும், இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பழகு. சுழல்வது மட்டும் ஒரு பக்கமாக அமையும். நிறையப் பேருக்கு இடது பக்கமாக வரும், சிலருக்கு வலது பக்கமாக. பிள்ளைக்குத் தானாக எது வருகிறதோ அதை விட்டுவிடுங்கள். எல்லாரையும் போலத்தான் சுற்ற வேண்டும் என்று மாற்றாதீர்கள்.

7. தாவலுக்கு அவசரப்படாதே. ஆக்ஸல் என்ற தாவல் உனக்குத் தெரிந்திருக்கும்; முன்னால் பார்த்துக் கிளம்பி, ஒன்றரைச் சுற்று சுற்றி, பின்னால் பார்த்து இறங்குவது. நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-இல் வியன்னாவில் அதைச் செய்து காட்டினார். இரட்டை ஆக்ஸலைப் போட்டியில் முதலில் செய்தவர் அமெரிக்காவின் டிக் பட்டன், 1948 ஒலிம்பிக்கில். மூன்று ஆக்ஸல் 1978-இல் கனடாவின் வெர்ன் டெய்லர். பெண்களில் மூன்று ஆக்ஸலை 1988-இல் ஜப்பானின் மிடோரி இடோ செய்தார். நான்கு ஆக்ஸலை அமெரிக்காவின் இலியா மலினின் 2022 செப்டம்பரில் செய்தபோது அவருக்கு வயது 17. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 140 வருஷம். ஒரு சுற்று கூடுவதற்கு மனித உடம்பு எத்தனை தலைமுறை எடுத்திருக்கிறது பார். உனக்கு அது அடுத்த மாசம் மாவட்டப் போட்டிக்குள் வரவில்லையென்று ஏன் அழுகிறாய்?

பாதிச் சுற்றில் இறங்கிவிட்டு மீதியைத் தரையில் திருகி முடிக்கிற பழக்கத்தை மட்டும் வளர்க்காதே. நடுவர்கள் இப்போது வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். குறைச் சுற்றுக்கு மதிப்பெண் குறையும். அதைவிட, அந்தத் திருகலில் முழங்கால் வாங்குகிற அடி பெரிது. பத்து வயதுக்குமேல் எலும்பு வேகமாக வளரும் காலத்தில் முழங்காலுக்குக் கீழே வலிக்கும், குதிகால் வலிக்கும். பிள்ளை வலி என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். தாவலை நிறுத்திவிட்டு வட்டத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். வலி இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறவரிடம் வளரும் எலும்பைக் கொண்டுபோகாதீர்கள்.

8. கோட்டைத் தாண்டுகிறவரை கையைத் தூக்காதே. 2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் 3000 மீட்டர் ரோலர் ரிலே. தென்கொரிய அணியின் கடைசி வீரர் ஜெயித்துவிட்டோம் என்று கோட்டுக்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் குனிந்தபடியே இடது காலை நீட்டினார். 0.01 விநாடி. தங்கம் தைவானுக்கு. அதே ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியது நம் அணி. அதில் நம் சென்னைப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமாரும் இருந்தார். ஆர்ட்டிஸ்டிக் ஆடுகிற உனக்கும் இது பொருந்தும். தாவி இறங்கியதும் முகத்தில் சிரிப்பு வந்து, பின்கால் கீழே விழுந்துவிடுகிறது. இறங்கிய நிலையில் மூச்சு ஒன்றை இழுத்து விடுகிற நேரமாவது நில்.

9. சாப்பாடு. இதைப் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் சொல்கிறேன், கோச்சுகளும் கேட்கட்டும்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் யூலியா லிப்னிட்ஸ்காயா என்ற ரஷ்யச் சிறுமி 15 வயதில் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினாள். சிவப்பு உடையில் அவள் சுழன்றதை உலகமே பார்த்தது. 2017-இல், 19 வயதில், சாப்பிட முடியாத நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை விட்டே விலகிவிட்டாள். உடம்பு லேசாக இருந்தால் அதிகம் சுற்றலாம் என்று கணக்குப் போடுகிற விளையாட்டு இது. அந்தக் கணக்கில் பிள்ளையின் எலும்பும் ரத்தமும் செலவில் எழுதப்படுகின்றன.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் ஏற்கெனவே ரத்தசோகை அதிகம். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வருகிற பிள்ளையைப் பழக விடாதீர்கள். கம்மங்கூழ், ராகிக் களி, அவித்த நிலக்கடலை, முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை: காரியாபட்டிச் சந்தையில் கிடைக்கிற இவையே போதும். டப்பாவில் விற்கிற பவுடர் வேண்டாம். மாதவிலக்கு வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் நின்றுபோனால், "பயிற்சியால நின்னுருக்கு, நல்லதுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு போதிய சாப்பாடு இல்லாமல் தவிக்கிறது என்பதற்கு அது அடையாளம். எலும்பு பலமிழக்கத் தொடங்கும். மகளிர் டாக்டரிடம் போங்கள். பிள்ளையை எல்லார் முன்னாலும் எடை பார்க்கிற கோச்சிடம், "குண்டு" என்று கூப்பிடுகிற கோச்சிடம், என் பேத்தியை நான் விடமாட்டேன்.

10. மாத்திரை. 2021 டிசம்பரில் எடுத்த பரிசோதனையில் கமிலா வலீவா என்ற 15 வயது ரஷ்ய ஃபிகர் ஸ்கேட்டரின் உடம்பில் டிரைமெட்டாசிடின் என்ற இதயநோய் மருந்து இருந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நடுவில் செய்தி வெடித்தது. தனிநபர் ஆட்டத்தில் விழுந்து விழுந்து எழுந்து நான்காவதாக வந்தாள். 2024 ஜனவரியில் நான்கு வருஷத் தடை வந்தது. மருந்து எப்படி உள்ளே போனது என்பதில் பெரியவர்கள் பல கதை சொன்னார்கள். தண்டனை அந்தப் பிள்ளைக்கு. பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்த அதே 2022-இல் உலக ஐஸ் ஸ்கேட்டிங் சங்கம் பெரியவர்கள் பிரிவில் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தியது.

சளி, இருமல் என்று மெடிக்கல் ஷாப்பில் வாயால் கேட்டு வாங்கிக் குடிக்காதே. சாதாரண மருந்து சிலவற்றிலும் போட்டியில் தடைசெய்த சரக்கு உண்டு. டாக்டரிடம் போகும்போதே "போட்டிக்குப் போற பிள்ளை" என்று சொல். கோச் எதைக் கொடுத்தாலும், பெயர் பார்க்காமல் வாயில் போடாதே.

11. கோச் கையைப் பிடித்துச் சொல்லித்தருவார், இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிடுவார். இந்த விளையாட்டில் அது தேவைப்படும். அது எல்லார் கண் முன்னாலும், கதவு திறந்த இடத்தில், ஏன் தொடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். உனக்குக் கூசினால், சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றினால், அன்றே அம்மாவிடம் சொல். அம்மா நம்பவில்லையென்றால் டீச்சரிடம் சொல். 1098-க்குப் போன் போடு, காசு கிடையாது. போக்சோ சட்டம் 2012-இலிருந்து உன் பக்கம் நிற்கிறது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண்பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் துணை போக வேண்டும். அந்த டிக்கெட் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

12. பணமும் சான்றிதழும். பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலை வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போய்ச் சம்பாதிக்கிற வீட்டில் இந்தச் செலவு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வீட்டில் பிள்ளையைக் கூட்டிப்போக ஆளே இருக்காது. போட்டிக் காலமும் பல வருஷம் அதோடுதான் மோதும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் மதுரைக்குக் கூட்டிப்போனால் இன்னொருவர் அடுத்த வாரம்.

"இன்டர்நேஷனல்" என்று பெயர் போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மெடல் மாட்டிவிடுகிற போட்டிகள் இருக்கின்றன. அந்தக் காகிதம் எங்கேயும் செல்லாது. மாவட்டச் சங்கம், தமிழ்நாடு ரோலர் ஸ்கேட்டிங் சங்கம், இந்தியக் கூட்டமைப்பு என்ற வரிசையில் நடக்கிற போட்டியா, பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்துவதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. எந்தப் போட்டி, எந்த இடம் என்றால் கணக்கில் வரும் என்று விருதுநகர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்க முடியும். எல்லாச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வையுங்கள்.

13. படிப்பை விடாதே. 2023 ஹாங்சோவில் பெண்கள் ரிலேயிலும் இந்தியா வெண்கலம் வாங்கியது. நான்கு பேரில் இரண்டு பேர் தமிழ்நாட்டுப் பெண்கள், கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும். ஆரத்தி அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஆனந்த்குமார் பொறியியல் படித்தவர். அவர்கள் ஓடியது வேகப் பிரிவு. கால் வேறு, பாடம் ஒன்று. ஆனந்த்குமார் 2021-இல் கொலம்பியாவில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். நான்கு வருஷம் கழித்து, 2025-இல், செங்டு உலக விளையாட்டில் 1000 மீட்டரில் வெண்கலம், அதற்கடுத்த மாதம் பெய்தைஹேயில் அதே தூரத்தில் உலகச் சாம்பியன். இந்த விளையாட்டில் இந்தியாவிலிருந்து சீனியர் உலகத் தங்கம் வாங்கிய முதல் ஆள், வயது 22. பதினைந்தில் முடிந்துபோகிற வாழ்க்கை இல்லை இது. அதற்காகத்தான் தாராவின் வயதைக் குறித்து வைக்கச் சொன்னேன்.

14. விடியற்காலை ஐந்தரைக்கு வா. பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்கே சிமென்ட் சுடும். அக்னி நட்சத்திரம் முடிகிறவரை மாலைப் பயிற்சியைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள். உப்புப் போட்ட மோர் கொண்டுவா.

15. பாட்டை நீயே தேர்ந்தெடு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இங்கிலீஷ் இசைக்கு ஆடுகிறார்கள், நடுவருக்கும் அலுத்துப்போயிருக்கும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மெரில் டேவிஸும் சார்லி ஒயிட்டும் இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு ஆடினார்கள். அமெரிக்காக்காரர்கள், நம் ஊர் நடனம் தெரிந்தவரிடம் கை முத்திரையும் கழுத்தசைவும் கற்றுக்கொண்டு ஆடி, அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். உன் காதில் பிறந்ததிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் பறையும் விழுந்திருக்கின்றன. தவிலின் வேகத்தில் ஒரு அடிவைப்பு வரிசையை யாராவது அமைத்து நான் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஷூ கட்டாமல், வெறுங்காலில், வீட்டு முற்றத்தில் அந்தப் பாட்டுக்கு முதலில் ஆடிப் பார். கைக்கு என்ன வேலை என்று அப்போதுதான் தெரியும்.

16. அவசரத்தைப் பற்றிப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் அதை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்தோம். அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் பார்க்கிறோம். வேலையில் அவசரத்துக்கு என்ன விலை என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்த அறிவைப் பிள்ளையின் உடம்பு விஷயத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு சுத்து சுத்துறா, நீ இன்னும் ஒண்ணுலயே நிக்கிற" என்று சொல்லாதீர்கள். களத்து ஓரத்தில் நின்று சத்தம் போடாதீர்கள். பயிற்சி முடிந்து வருகிற பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "பசிக்குதா?" என்பதுதான். எத்தனையாவது இடம் என்பதை அவளே சொல்வாள்.

17. விடத் தோன்றினால் விடு. அலிசா லியு என்ற அமெரிக்கப் பெண் 13 வயதில் 2019-இல் தேசிய சாம்பியன். 2022 ஒலிம்பிக்கில் ஆறாமிடம், அதே வருஷம் உலகப் போட்டியில் வெண்கலம். 16 வயதில், போதும் என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினாள். கல்லூரிக்குப் போனாள், தோழிகளோடு சுற்றினாள், மலையேறினாள். இரண்டு வருஷம் கழித்து, யாரும் கூப்பிடாமல், தானாகத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை பாட்டு, உடை, சாப்பாடு, பயிற்சி நேரம் எல்லாம் தன் முடிவுதான் என்று சொல்லி வந்தாள். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனாள்.

எல்லாரும் திரும்பி வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். ஆனால் விலகுகிற பிள்ளையிடம் "இவ்வளவு செலவு பண்ணினோமே" என்று வீட்டில் கணக்குச் சொல்லக்கூடாது. ஆட்டம் நின்ற பிறகும் இதில் வேலை இருக்கிறது: நடுவர் தேர்வு எழுதலாம், கோச்சுக்குப் படிக்கலாம், பிறருக்கு ஆட்டம் அமைத்துக் கொடுக்கலாம். இன்றைக்கு ஆர்ட்டிஸ்டிக் பழக வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வட்டம் போடத் தெரிந்த ஒரு பெண் காரியாபட்டியிலேயே காலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க முன்வந்தால், பள்ளிக்கூட முற்றத்தைத் திறந்துவிடச் சொல்லி தலைமையாசிரியரிடம் அவளோடு நானே வருகிறேன்.